குறை சொல்ல யாரும் வரவில்லை

கோடை விடுமுறைக்கு ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் போனதிலிருந்து குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அலமாரிக்குப் பின்னால் குடியிருந்த தாய்ச் சுண்டெலியின் குட்டிகள் தாகத்தில் துவண்டு கிடந்தன. மேசை மேல் ஒரு பாட்டில் விரிசல் விட்டு, அதிலிருந்து கசிந்தது குட்டையாகத் தேங்கியிருந்தது.

"நீ தண்ணிதானே?" என்று சுண்டெலி பாட்டிலைக் கேட்டது.

"லேபிள்ல அப்படித்தான் போட்டிருக்கு. ஆனா அதுக்கப்புறம் என்னென்னமோ ஊத்தினாங்க, லேபிளை மாத்தலை. இப்ப உள்ளே என்ன இருக்குன்னு எனக்கே தெரியலை, தாயி."

சுண்டெலி சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தது. "அண்ணே, நீங்க மேலேயிருந்து எல்லாத்தையும் பாக்கிறவங்க. இதைக் குடிச்சா ஏதாவது ஆகுமா?"

"போன வாரம் கரப்பான் குடும்பமே குடிச்சிட்டுப் போச்சு. ஒருத்தராவது திரும்பி வந்து குறை சொன்னாங்களா? நீ சரியான பயந்தாங்கொள்ளி!"

ஆனாலும் சுண்டெலிக்கு மனசு கேட்கவில்லை. குட்டிகளைக் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் தான் ஒரு வாய் குடித்தது.

தொண்டை தீயாக எரிந்து அடைத்துக்கொண்டது. கால்கள் மடிந்தன. "வராதீங்க" என்று கத்தப் பார்த்தது. வெறும் காற்றுதான் வந்தது.

கீழேயிருந்து மூத்த குட்டி கேட்டது. "மாமா, அம்மா குடிச்சாங்களா? என்ன சொன்னாங்க?"

"குடிச்சா," என்றது பல்லி, விளக்கடியில் ஒரு பூச்சியைக் குறி பார்த்தபடி. "ஒண்ணும் சொல்லலையே."

மேசைக் காலில் சின்னச் சின்ன நகங்கள் ஏறி வரும் சத்தம் சுண்டெலிக்குக் கேட்டது.