கழன்று வராத சாவி

தெமட்டகொடை கராஜின் தகரக் கூரை ஓட்டைகளால் காலை வெயில் சிந்தி, கழற்றிப் போட்ட பழைய கியர்பொக்ஸின் எண்ணெயில் மினுங்குகிறது. நாகேஸ்வரிக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்ச் மிதிக்க முடியாமல் ஒரு வருடமாகக் கணவர் சிவபாதசுந்தரம்தான் சாரதி. அவளுக்காகவே இன்று கார், கிளட்ச் தேவையில்லாத ஓட்டோ கியருக்கு மாறுகிறது. மெக்கானிக் நுஸ்கி புதிய சாவிப்பூட்டையும் பொருத்தி, புதிய கியர்த் தண்டின் கடைசித் திருகாணியை முறுக்கிவிட்டு, "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க அங்கிள்," என்கிறான். சாரதி ஆசனத்தில் இருக்கும் அவர் சாவியைத் திருப்ப, எஞ்சின் ஒரே திருப்பில் பிடிக்கிறது. இடது ஆசனத்தில், காலைக் கதவுக்கு வெளியே நீட்டியபடி இருக்கும் நாகேஸ்வரி கை தட்டுகிறாள். காரைக் கியரில் விட்டு நிறுத்துவது சிவபாதசுந்தரத்தின் நெடுநாள் பழக்கம். தண்டைக் கடைசி வரை கீழே இழுத்துவிட்டு எஞ்சினை நிறுத்துகிறார். சாவியை உருவுகிறார், வரவில்லை. ஆட்டுகிறார், இழுக்கிறார், வியர்க்கிறார்.

"தம்பி, புதுப்பூட்டு இறுகிப்போச்சு! எல்லாத்தையும் கழட்டுங்கோ!"

நுஸ்கி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நாகேஸ்வரி எட்டி, தண்டை 'P' எழுத்து வரை மேலே தள்ளுகிறாள்.

"இப்ப இழுங்கோ. பார்க்கில விட்டாத்தான் சாவி வருமெண்டு அந்தப் பிள்ளை முதலே சொன்னதெல்லே?"

சாவி வழுக்கிக்கொண்டு வருகிறது. அவள் உள்ளங்கையை நீட்டுகிறாள்.

"இஞ்ச தாங்கோ. இறங்கி இந்தப் பக்கம் வாங்கோ."

இருவரும் இடம் மாறுகிறார்கள். அவள் இன்னும் சாவியைப் போடக்கூட இல்லை. இடது ஆசனத்தில் அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டிருக்கிறது.