கிளிப்பச்சை

செவ்வந்திக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வாலிநோக்கம் அளத்தில் இருபது வருசம் உப்பு வாரியதில் இடுப்போடு கண்ணும் போயிற்று. இனி ஓலைப்பெட்டி முடைந்தால்தான் கஞ்சி. சாயத்துக்குப் புருசன் வேல்சாமியின் கண்தான் அவளுக்கும்.

"மஞ்சப் பொட்டலத்தைக் கொட்டுங்க. நீலத்தோட மஞ்ச சேந்தாத்தான் பச்சை."

வேல்சாமி கொதிக்கும் பானையில் கொட்டினான். ஓலை வெந்தது.

"என்ன கலரு வந்திருக்கு?"

"கிளி கணக்கா இருக்கு, புள்ள."

தன் மகள் நிக்காஹுக்குப் பத்துப் பெட்டி சொல்லியிருந்த மலிகா வியாழக்கிழமை வந்தாள்.

"பச்சை கேட்டா கத்தரிப்பூக் கலர்ல முடைஞ்சிருக்கியே, செவ்வந்தி. நீலத்துல சிவப்பையா கொட்டுன? விடிஞ்சா நிக்காஹ்."

செவ்வந்தி புருசன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு எப்பயிருந்து கண்ணு தெரியல?"

"பொங்கலுக்கு முந்தியே எல்லாம் புகைதான். நீ இடிஞ்சுபோவேன்னு சொல்லல."

விடிவதற்குள் மலிகா வீட்டுக்குத் தரவேண்டிய பச்சைப் பெட்டி பத்தும் பாக்கி.