வாசல் மேஜை மார்க்

"குட் மார்னிங், க்ரெய்க்! ராத்திரி ட்யூட்டி எப்படிப் போச்சு?"

கேட்டவன் பதிலுக்கு நிற்கவில்லை. என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தான், பல்லைக் காட்டினான், விசிட்டர் அட்டையை வாங்கிக்கொண்டு சோபாவுக்குப் போனான்.

அவனோடு சேர்த்து மூன்று பேர். மூவரும் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒருத்தி என் மேஜைமேல் ஒரு காபியே வாங்கி வைத்தாள்.

விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. பகல் காவலாள் இன்னும் வரவில்லை, ரயில் ரத்தாம். அதனால் நான் வீட்டுக்குப் போகாமல், மான்செஸ்டர் மழையில் நனைந்து வருகிறவர்களுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று நாலாவது மாடியில் இன்டர்வியூ. அங்கே இருக்கிற வழக்கறிஞர் நிறுவனத்தில் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம்.

இவர்களுக்குப் பல்கலைக்கழகத்திலேயே சொல்லி அனுப்புகிறார்கள். ஒரே விண்ணப்பத்தைப் பல இடத்துக்கு அனுப்பும்போது அதில் வேறொரு நிறுவனத்தின் பெயரை விட்டுவைக்காதே. சட்டம்தான் என் உயிர் என்று உளறாதே. கடைசியில், தவறாமல் இது: வாசலில் உட்கார்ந்திருப்பவனிடம் மரியாதையாக நட. நீ மேலே போனதும் அவனைக் கேட்பார்கள். அவனும் மார்க் போடுகிறான்.

நானும் சட்டம் படிக்கப் போய்ப் பாதியில் விட்டவன்தான். இதே புத்திமதியை எனக்கும் சொன்னார்கள். எனக்குப் பகல் ட்யூட்டி வரும் இன்டர்வியூ நாளில் மட்டும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஷூ யாருடையதோ, ஒவ்வொரு அடிக்கும் குதிகால் அதிலிருந்து கழன்றது.

என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"கோர்ட்னி ஸ்டப்ஸ். நாலாவது மாடி."

அவ்வளவுதான். முதலில் பல்லைக் காட்டினானே, ஜைல்ஸ், அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து பக்கத்தில் வந்து குசுகுசுத்தான்.

"ஏங்க, அவருகிட்ட நாலு வார்த்த நல்லா பேசிட்டு வாங்க. அவரும் மார்க் போடறாரு, தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் பேசல." அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நாளைக்கு இவரு ரோட்டுல எதிர்ல வந்தா உனக்கு அடையாளம் தெரியுமா? சும்மா உருகாதப்பா."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இப்படி இன்டர்வியூக்கு அலையறது எனக்கு இது மூணாவது வருஷம். இதுவும் போச்சுன்னா எங்க ஊரு ஓல்டம்ல எங்கப்பா கடைதான். சாகற வரைக்கும் ஊரான் வீட்டுத் தரைக்கு கார்ப்பெட் அளக்கணும். அதுக்குன்னு உங்ககிட்ட வந்து இளிக்க மாட்டேன். மார்க்க கொறைக்கணும்னா கொறச்சுக்குங்க."

காபி வாங்கி வைத்தவள் சுவரில் எதையோ படிக்க ஆரம்பித்தாள்.

அட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்கிக் கோட்டில் தலைகீழாகக் குத்திக்கொண்டாள். அந்த வாய்க்கு இந்தக் கை பொருந்தவே இல்லை.

லிஃப்ட் திறந்து ஹாரியட் வந்தாள். மேலே ஆள் எடுக்கிறவள் அவள்தான்.

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். ஜைல்ஸ் என்னைப் பார்த்து இன்னொரு முறை சிரித்துவைத்தான். கோர்ட்னி தரையைப் பார்த்தாள்.

ஹாரியட் நேராக என் மேஜைக்கு வந்தாள். அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் வந்தாச்சா? வாங்க, போலாம்."

கையை எடுத்துக்கொண்டு போனாள். மேஜைக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பது அந்தக் கைக்குக்கூடத் தெரியவில்லை.

லிஃப்டுக்குள் போன கோர்ட்னி திரும்பினாள். ஹாரியட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவ்வளவுதானா என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

அவ்வளவுதான் என்று தலையசைத்தேன்.

இந்த மேஜைக்கு நான் வந்து ஆறு வருஷம். யாரைப் பற்றியும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அவள் முகத்தில் என்ன வந்தது என்று பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

மேஜையில் ஒரு தொலைபேசி உண்டு. தீ பிடித்தால் தவிர நாங்கள் மேலே கூப்பிடக் கூடாது. மீறினால் எங்களை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சிக்குப் புகார் போகும். மறுநாள் ஊருக்கு வெளியே ஏதாவது கிடங்கு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பெண்ணுக்காகச் செய்தேன் என்று சொன்னால் பொய். ஆத்திரத்தில் கை தானாகப் போனது என்று சொன்னாலும் பொய். லிஃப்ட் நாலில் நிற்கும்வரை பொறுத்தேன். ஹாரியட் தன் இருக்கைக்குப் போகவும் நேரம் கொடுத்தேன். பிறகுதான் எடுத்தேன்.

"என்ன, தீயா?" என்றாள் ஹாரியட்.

"இல்லீங்க மேடம். கீழ வாசல்லேர்ந்து பேசறேன். இன்டர்வியூக்கு வந்தவங்களுக்கு மார்க் சொல்லணும். கோர்ட்னி ஸ்டப்ஸ், பத்துக்குப் பத்து. மத்தவங்க மூணு பேரும் பாஸ். அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் பேனா மூடியைத் திறக்கிற சத்தம்.

"உங்க பேரு?"

சொன்னேன். குடும்பப் பெயரையும் கேட்டாள். எதற்கென்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு எழுத்தாக, அவள் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.