அவளுக்கு மீடியம் போதும்

"அவளுக்கு மீடியம் போதும்" என்றான் கணவன்.

சைக்கிள் கடைக்காரம்மா அவனைப் பார்த்தாள். பிறகு அவன் மனைவியைப் பார்த்தாள். அதற்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

மனைவிக்கு மலை உச்சியில் இருக்கும் வானிலை நிலையத்தில் வேலை. மேலே போக மண் பாதைதான். இத்தனை நாளும் தன் அக்காவின் பழைய சைக்கிளில் குறுகி உட்கார்ந்து ஏறி இறங்கியதில் முதுகு போய்விட்டது. சரியான அளவில் மலைக்கென்றே செய்த சைக்கிள் வாங்கு, இல்லாவிட்டால் வேலையை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். லீவு நாளில் துணைக்குப் போகக் கணவனுக்கும் ஒன்று வேண்டுமாம். முதலில் அவளுடையதைப் பார்க்கலாம் என்றார்கள்.

கடைக்காரம்மா பொறுமையாகவே விளக்கினாள். சீட்டை உயர்த்திக்கொள்ளலாம், ஃபிரேமை இழுத்து நீட்ட முடியாது. உயரமானவர் சின்ன ஃபிரேமில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும், முதுகு வளையும். இறக்கத்தில் பிரேக் போட்டால் தலைகுப்புற முன்னால் போய் விழ வேண்டியதுதான். இந்தம்மாவுக்கு எக்ஸ்ட்ரா லார்ஜ்தான் சரி.

அதைக் கேட்டதும் மனைவி இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"இவ ஒண்ணும் அவ்வளவு உயரம் இல்லீங்க" என்றான் கணவன். அவன் தலை அவள் தோளுக்கு வந்தது.

கடைக்காரம்மா டேப்பை எடுத்தாள். சுவரோரம் நிமிர்ந்து நில்லும்மா, கால் அளவு பார்த்துவிடலாம் என்றாள். மனைவி நகர்வதற்குள் கணவன் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். அளவெல்லாம் எதற்கு, பார்த்தாலே மீடியம் என்று தெரிகிறதே என்றான்.

கடைக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ரகத்து ஆட்களை அவளுக்குத் தெரியும். பெண்டாட்டி உயரமாக இருந்தால் அவள் செருப்பின் குதிகாலைச் சீவி விடுகிறவர்கள்.

பேசிப் புரிய வைக்க முடியாது என்று ஒரு மீடியம் சைக்கிளை உருட்டிக் கொடுத்து, பின்னால் முற்றத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். மனைவி ஓட்டினாள். முழங்கால் இரண்டும் காதோரம் வந்து வந்து போயின.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கச்சிதமாக இருக்கிறது என்றான் கணவன்.

அவள் அடுத்த சுற்றுக்குப் போனதும் கடைக்காரம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. பக்கத்துல நின்னா நீங்க குள்ளமாத்தான் தெரிவீங்க. அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? உங்க கௌரவத்துக்காக அது முதுகை ஏன் ஒடிக்கறீங்க?"

அவன் கோபப்படவில்லை. முற்றத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் அவளைச் சுவரோடு நிற்க வைத்து, தலைக்கு மேல் கோடு போட்டாராம். பக்கத்தில் எவனோ 'கொக்கு' என்று எழுதிவிட்டானாம். அவள் படித்து முடிக்கும்வரை அது அழியவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்று பார்த்துச் சிரிப்பானாம். அதற்கப்புறம் அவள் நிமிர்ந்து நின்றதே இல்லை. கல்யாண போட்டோவில்கூட முழங்காலை மடக்கிக்கொண்டுதான் நின்றாளாம். போன வாரம் வேறொரு கடையில் எக்ஸ்ட்ரா லார்ஜ் என்று சத்தமாகச் சொன்னதும், சைக்கிளே வேண்டாம், வேலையை விட்டுவிடுகிறேன் என்று வெளியே வந்துவிட்டாளாம்.

"எக்ஸ்ட்ரா லார்ஜ்தான் வேணும்னு எனக்கும் தெரியும்க்கா. கொடியில காயற அவ பேன்ட்டை அளந்து பார்த்துட்டுத்தான் வந்தேன். அதையே குடுங்க. ஃபிரேம்ல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை மட்டும் மீடியம்னு மாத்திடுங்க. மீடியம்னு எழுதின எதுவும் இதுவரைக்கும் அவளுக்குப் பொருந்தினதே இல்ல."

கடைக்காரம்மா டேப்பைச் சுருட்டி மேஜைக்குள் போட்டாள். எக்ஸ்ட்ரா லார்ஜ் ஒன்றைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அங்கே மெக்கானிக் வேலை பார்ப்பது அவளுடைய தம்பி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, அளவை மாற்றி ஒட்டுவது மோசடி இல்லையா என்றான்.

"மோசடிதான். கோணாம ஒட்டு" என்றாள்.

ஸ்டிக்கர் மாறி வந்த சைக்கிளை மனைவியிடம் நீட்டி, இது வேறு கம்பெனி மீடியம், கொஞ்சம் தாராளமாகச் செய்வார்கள் என்றாள். மனைவி ஸ்டிக்கரைப் படித்தாள். ஏறி உட்கார்ந்தாள். கால் முழுசாக நீண்டது. கை இயல்பாக ஹேண்டில்பாரைப் பிடித்தது. முதுகு தானாக நிமிர்ந்தது. ஒரு சுற்று போதும் என்று சொல்லிவிட்டுப் போனவள் நிறுத்தவே இல்லை.

கணவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேனை வாசலுக்குக் கொண்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டான்.

மனைவி இறங்கிக் கடைக்காரம்மாவிடம் வந்தாள். இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அப்புறம் வாசல் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அக்கா, அடுத்து அவருக்குப் பார்க்கணும். அவர் காலுக்கு ஸ்மால்தான் சரியா வரும். ஆனா ஸ்மால்னு எழுதியிருந்தா மனசு உடைஞ்சிடுவாரு. வெளிய சொல்ல மாட்டாரு. நீங்க ஒரு உதவி பண்ணணும்..."

மீதியைக் கேட்கக் கடைக்காரம்மா நிற்கவில்லை. பட்டறைப் பக்கம் திரும்பித் தம்பிக்குக் குரல் கொடுத்தாள்.

"டேய், இன்னொரு மீடியம் ரெடி பண்ணு."