சந்தேகம் இருந்தா கேளுங்க

அறந்தாங்கிச் சந்தைத் திடலில் மாலை வெயில் மாட்டுக் கொம்புகளில் மஞ்சளாய் நிற்கிறது. பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு ஐம்பத்தேழாம் வருஷத் தேர்தலில் நிற்கும் பொருளாதாரப் பேராசிரியர் பங்கிராஸ், மாட்டுவண்டி மேல் நின்று பேசி முடித்ததும் வகுப்புப் பழக்கத்தில், "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்கிறார். ஓட்டுக் கேட்டு வந்தவர் எவரும் இப்படிச் சொன்னதில்லை. கூட்டத்திலிருந்து, கடலை பறித்துச் செம்மண் படிந்த கையோடு முத்தாள் எழுகிறாள். "கடலை எங்க வீட்டுல கெடக்கயில வெல எறங்குது. வித்துட்டம்னா ஏறுது. அது ஏங்க?" "உக்காருடி" என்று புருஷன் முந்தானையை இழுக்கிறான். பங்கிராஸ் வண்டியிலிருந்து இறங்கி அவளருகே வருகிறார். "இருபது வருஷம் பாடம் நடத்துனேன். இந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டதில்லீங்க. சட்டசபையில போயி இதத்தான் கேக்கப்போறேன்." முந்தானையை விட்டுவிட்டுப் புருஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறான். பக்கத்து ஆளிடம் சொல்கிறான்: "எம் பொஞ்சாதிதான்."