ஊர் எல்லைப் பெஞ்ச்

“வெட்டியா ஒருத்தன் உட்கார்ந்து கிடக்கவா ஊர் எல்லையில பெஞ்ச் போட்டோம்?” என்று கூட்டத்தில் கேட்டாள் ஊராட்சித் தலைவி வினிஃப்ரெட்.

அழுக்குக் கோட்டும் தாடியுமாகத் தினமும் மதியத்தில் அங்கே உட்கார்ந்திருக்கும் ஜெத்ரோவைத்தான் சொன்னாள்.

“பாவம், அவன் யார் வம்புக்கும் போறதில்லையே வினி,” என்றார் தபால் ஆபீஸ் டெரிக்.

“‘அழகான கிராமம்’ போட்டிக்கு நடுவர்கள் வர்றாங்க. அவங்க இவன் மூஞ்சியிலயா முழிக்கணும்?”

சிரிப்பு எழுந்தது. பெஞ்சை எடுத்துவிடலாம் என்று டெரிக் உட்பட எல்லோரும் கை தூக்கினார்கள். மறுநாள் காலையே பெஞ்சைப் பெயர்த்துவிட்டார்கள்.

அன்று மாலை வினிஃப்ரெட் வேலை முடிந்து வந்தபோது, வீட்டின் பின்கதவு திறந்து கிடந்தது. நினைவு தடுமாறும் அப்பாவைக் காணவில்லை. பதறிப்போய்த் தெருவுக்கு ஓடினாள்.

ஜெத்ரோ அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்து வந்துகொண்டிருந்தான். அப்பாவின் நெற்றியில் ரத்தம்.

“பள்ளத்துல விழுந்துட்டாரும்மா. தினமும் பஸ் ஏறணும்னு கிளம்பி வந்துடுவார். பெஞ்சுல உட்கார வச்சுப் பேச்சுக் குடுத்து, நீங்க வர்றதுக்குள்ள வீட்டுல கொண்டுவந்து விட்டுடுவேன். இன்னிக்கு உட்கார இடமில்லாம என் கையை உதறிட்டு நடந்துட்டார்.”

அவள் அப்பாவின் மறுகையைப் பிடித்துக்கொண்டாள். “இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொல்ல ரெண்டு தடவை உங்க வீட்டுக்கு வந்தேம்மா,” என்றான் ஜெத்ரோ தயக்கத்துடன். “என்னைப் பார்த்ததும் ஜன்னல் திரையை இழுத்து மூடிட்டீங்க.”