கட்டிலடிச் செருப்பு

முதுகெலும்பில் அறுவை சிகிச்சை முடிந்ததிலிருந்து தவமணிக்கு ஒரே பயம். காலைத் தரையில் ஊன்றினால் முதுகு இரண்டாகப் பிளந்துவிடுமாம். நிற்க வைக்க வந்த பிசியோதெரபிப் பெண்ணை அழுதே திருப்பி அனுப்பினாள். இனி எதற்கு என்று செருப்பையும் கணவனிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அதே சிகிச்சை முடிந்து, பக்கத்துக் கட்டிலிலிருந்து இன்று வீட்டுக்குக் கிளம்பிய ஜுலேகா, வாக்கரைப் பிடித்தபடி அவளருகே வந்தாள். மல்லாந்து கிடந்த தவமணிக்குக் கீழே ஏதோ உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னக்கா பண்றீங்க?"

"என் செருப்ப உன் கட்டிலுக்கடியில தள்ளுறேன் புள்ள. குனியக் கூடாதுல்ல, அதான் காலால."

"அப்ப நீங்க வெறுங்காலோடயா போவீங்க?"

"வாசல்லதான் வண்டி நிக்குது. வெள்ளிக்கிழமை டாக்டரப் பாக்க வருவேன். நீயே போட்டு நடந்து வந்து, வாசல்ல வெச்சுக் குடு. எனக்கு வேற செருப்பு கிடையாது, பாத்துக்க. உனக்காக துஆ செய்றேன்."

சாயங்காலம் பிசியோதெரபிப் பெண் வந்ததும், தவமணி தானாகவே கையை நீட்டினாள். அந்தப் பெண் அவளை மெல்லப் புரட்டி உட்கார வைத்தாள். தவமணி கண்களை இறுக மூடிக்கொண்டு வலது காலை இறக்கினாள். ஒரு செருப்பு அகப்பட்டது. மற்றது எங்கோ தள்ளிக் கிடந்தது. அதைத் தேடி இடது காலும் இறங்கியது.